ஆம்பூரில் தைக்கிற ஷூவுக்கு ஷோரூமில் இவ்வளவு விலையா? பிராண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எங்கே போகிறது?

கேள்வி: ஆற்காட்டு வாசகர், 2025 நவம்பர் 2, மாலை 6.15

தங்கச்சி கல்யாணத்துக்கு ஷூ எடுக்க வேலூர் போனேன். ஷோரூமில் பெயர் பெற்ற கம்பெனி ஷூ 5,499 ரூபாய். லாங் பஜார் பக்கம் அதே கறுப்பு, பார்க்க அதே மாதிரி, 1,300. ரெண்டுமே தோல் என்கிறார்கள். தைப்பதே நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம்தான். அப்புறம் பெயருக்காக 4,000 ரூபாய் அதிகம் கொடுப்பவன் ஏமாளிதானே? அப்பாவின் மாத்திரையிலும் இதே கதை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்று, அட்டையில் பெயர் மாறினால் விலை மாறுகிறது. என்னைக் கேட்டால் பிராண்டு என்பதே பகல் கொள்ளை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2025 நவம்பர் 2, இரவு 9.50

பாதி மறுக்கிறேன் தம்பி. இப்போதைக்கு ஷூ மட்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவள் நான். தைத்து வரும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சாக்பீஸால் குறி போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கடையில் ஷூவை எடுத்தால் கை முதலில் உள்ளேதான் போகும்.

ரெண்டும் தோல் என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாட்டுத் தோலிலேயே முதுகு வேறு, வயிறு வேறு. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு, இழுத்தால் நீளும். ஷூவின் முன்பாகத்தை நாங்கள் வாம்ப் என்போம். நல்ல கட்டிங் மாஸ்டர் அதை முதுகில்தான் வெட்டுவார். நாக்கு, உள்பட்டை மாதிரி கண்ணில் படாத துண்டுகளுக்குத்தான் வயிறும் கழுத்தும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இங்கேதான். வயிற்றுத் தோலில் வாம்ப் வெட்டினால் ஒரே தோலில் ரெண்டு மூன்று ஜோடி கூடுதலாக வரும். புதிதில் வித்தியாசம் தெரியாது. நாலு மாதம் போட்டால் முன்பக்கம் பை மாதிரி தொங்கும்.

அடுத்தது மேல்பரப்பு. நல்ல தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முடி இருந்த துளைகள் தெரியும். முள் கிழித்த வடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அந்தப் பரப்பில்தான் இருக்கும். வடு நிறைய இருக்கும் தோலைத் தேய்த்து மழமழப்பாக்கி, மேலே கெட்டியாக நிறம் ஏற்றி, துளை மாதிரி அச்சும் பதித்து விடுவார்கள். அதற்கும் கீழே இன்னொரு தரம் உண்டு. தோலைக் குறுக்கே பிளந்தால் கிடைக்கும் அடி அடுக்கு, ஸ்ப்ளிட். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதும் 'லெதர்' என்றே விற்கிறது.

கடையிலேயே பார்க்கலாம். ஷூவுக்குள் ஒரு கையை விட்டு முன்பக்கத்தை மடக்குங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் நிறைய விழும், விட்டதும் மறையும். பூச்சுத் தோலில் ஒரே ஒரு தடித்த மடிப்பு விழும். பிறகு பூச்சு வெடிப்பதும் அதே இடத்தில்தான். குதிகால் பக்கத்தையும் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே கவுண்டர் என்று ஒரு கெட்டித் துண்டு வைத்திருப்போம். மட்டமான ஷூவில் அது அட்டை, நனைந்தால் தீர்ந்தது.

இவ்வளவும் சொன்னாலும், 1,300க்கும் 5,499க்கும் இடையில் இருக்கும் முழு வித்தியாசமும் ஷூவுக்குள் இல்லை. ஒரு பங்குதான் இருக்கிறது. மீதி ஷோரூம் வாடகை, விளம்பரம், விற்காமல் தங்கிப்போகும் சைஸ்கள், பண்டிகை ஆஃபரில் குறைத்துக் காட்டுவதற்காக முன்கூட்டியே ஏற்றி வைத்த விலை, வரி. வரியிலும் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18. அதனால் 2,700, 2,800 என்று சொல்லும் ஷூவை விட 2,499க்குள் இருப்பதில் உங்கள் காசு தோலுக்குக் கூடுதலாகப் போக வாய்ப்பு உண்டு.

2025 நவம்பர் 3, காலை 7.20

"எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடையில் வாங்கினால் பிராண்டு தரம், பஜார் விலை" என்று மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றுமதிக்குத் தைத்து, குறை என்று ஒதுக்கிய உண்மையான ரிஜெக்ட் கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். நாங்கள் ஒதுக்கியதில் பாதிக்கு மேல் காலுக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் நிறத்தில் ஒரு சாயல் வித்தியாசம், தையல் வரிசை அரை மில்லிமீட்டர் விலகல், லேஸ் துளை கொஞ்சம் கோணல், இந்த மாதிரிதான்.

ஆனால் அந்தப் பலகை மாட்டிய கடையில் இருப்பதெல்லாம் ரிஜெக்ட் கிடையாது. ஒரே மாடலில் 6 முதல் 11 வரை எல்லா சைஸும் அடுக்கி வைத்திருந்தால் அது விற்பனைக்கென்றே தைத்த சரக்கு. ரிஜெக்ட் அப்படி ஒழுங்காகச் சேராது. லேபிள் வெட்டிய தடம், உள்ளே பேனாவால் எழுதிய லாட் எண், சைஸ் விட்டு விட்டு இருப்பது, இதெல்லாம் நல்ல அடையாளம்.

2025 நவம்பர் 3, இரவு 10.05

காட்பாடி தம்பி போட்ட படத்தைப் பார்த்தேன். ஆஃபரில் வாங்கிய பெரிய பிராண்டு ஷூ, டப்பாவில் இருந்தபடியே அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது என்கிறார். போலி என்று நினைக்க வேண்டாம். பியூ சோல் என்று சொல்லும் பாலியூரித்தேன் அடிக்கு அந்தக் குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய் அதன் பிணைப்பை உடைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும், சொல்லப் போனால் போடாமல் மூடி வைத்த ஷூவில்தான் அதிகம் பார்க்கிறோம். அதனால் ஆஃபர் ஷூவில் விலையைப் பார்க்கும் முன் டப்பாவில் தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள். அதை அச்சடிக்க வேண்டும் என்பது விதி. மூன்று நான்கு வருடப் பழசு என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். சோலின் ஓரத்தில் நகத்தால் கீறினால் பிசுபிசுப்போ பொடியோ வந்தாலும் அப்படியே.

2025 நவம்பர் 4, மாலை 4.40

"ஒரே கம்பெனியில் ஒரே லைனில் ரெண்டு பிராண்டுக்கும் தைக்கிறார்கள், அப்படியானால் ரெண்டும் ஒன்றுதானே?" இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

லைன் ஒன்று, கை ஒன்று, மெஷின் ஒன்று. ஆனால் கையில் கொடுக்கும் தாள் வேறு. ஷூவை ஆர்டர் கொடுத்து வாங்கும் கம்பெனியைப் பையர் என்போம். ஒவ்வொரு பையரும் ஒரு விவரத்தாள் கொடுப்பார். தோல் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், நூல் எந்த எண், ஒரு அங்குலத்தில் எத்தனை தையல், எந்தப் பசை, எல்லாம் அதில் இருக்கும். அதோடு சோதனை. மடக்கி மடக்கிப் பார்க்கும் மெஷினில் ஆயிரக்கணக்கான தடவை வளைத்தாலும் தோல் வெடிக்கக் கூடாது. சோலை இழுத்தால் இவ்வளவு விசை வரை பிரியக் கூடாது. நிறம் சாக்ஸில் ஒட்டக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத சோதனைதான் முக்கியம். நம் பக்கத்துத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அதில் இருக்கும் குரோமியம் 3 சாதாரணமாக வம்பு செய்யாது. சரியாகச் செய்யாவிட்டால் அது குரோமியம் 6 ஆக மாறும். அது தோல் அலர்ஜி கொடுக்கும், உடம்புக்கு ஆகாது. 2015 மே 1 முதல் ஐரோப்பாவில் உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்கக் கூடாது. தோலுக்கு நிறம் ஏற்றும் அசோ வகைச் சாயங்கள் சிலவற்றை ஜெர்மனி 1990களின் நடுவிலேயே தடுத்தது. அந்தச் சமயத்தில் நம்மூர் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், சாயத்தையே மாற்ற வேண்டி வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இந்தச் சோதனையை நீங்களும் நானும் பஜாரில் நின்றுகொண்டு செய்ய முடியாது. மடக்கிப் பார்க்கலாம், நகத்தால் கீறலாம், ஆனால் குரோமியம் 6 இருக்கிறதா என்று மோந்து கண்டுபிடிக்க வழி இல்லை. யாரோ ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, காசு கட்டி, தப்பு வந்தால் கன்டெய்னரையே திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டியிருந்தால்தான் அது நடக்கும். பெரிய பிராண்டில் நான் மதிக்கிற வேலை இது ஒன்று. இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

2025 நவம்பர் 6, இரவு 8.30

மாத்திரைக்கு வருகிறேன். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இருக்கும் வீடுகள் எல்லாம் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலூர் காந்தி ரோட்டில் நடந்தால் வங்காளி எழுத்தில் பலகை மாட்டிய மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும்போது மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போவார்கள். அம்மாவுக்கு மருந்து வாங்க அங்கே நிற்கும்போது பக்கத்தில் ஒரு அம்மா பர்ஸில் இருந்த நோட்டை எண்ணி, மருந்துச் சீட்டில் எதை விடலாம் என்று மகனிடம் கேட்பது போலத் தெரிந்தது. அவர் பாஷை தெரியாமல் நானும், என் பாஷை தெரியாமல் அவரும். அந்தச் சீட்டில் விட வேண்டியது எதுவும் இருந்திருக்காது. அதே மருந்தை மலிவான பெயரில் வாங்கினால் போதுமாக இருந்திருக்கலாம்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் உண்மைப் பெயர், உதாரணமாக மெட்பார்மின், பிராண்டுப் பெயரை விட ரெண்டு அளவாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 2018 செப்டம்பரில் வந்த விதி. சில கூட்டு மருந்துகளுக்கும் வைட்டமின்களுக்கும் மட்டும் விலக்கு. அடுத்து, 'தயாரித்தவர்' என்று ஒரு கம்பெனி, 'சந்தைப்படுத்துபவர்' என்று வேறு கம்பெனி இருக்கும். பெயர் பெற்ற கம்பெனி பல மாத்திரைகளைத் தானே தயாரிப்பதில்லை, ஒப்பந்தத்துக்கு வேறு ஆலையில் செய்து வாங்குகிறது. அதே ஆலை வேறு பெயர்களுக்கும் செய்யும். ஆம்பூர் கதைதான்.

விலை விஷயத்தில் ரெண்டு வகை உண்டு. அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு அரசு உச்ச விலை வைக்கிறது. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 சதவீதமாவது பங்கு உள்ள பிராண்டுகளின் விலையைச் சராசரி எடுத்து, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். செய்வதற்கு என்ன செலவு என்று பார்ப்பதில்லை, ஏற்கனவே என்ன விலைக்கு விற்றார்களோ அதையே சராசரி பார்க்கிறார்கள். எல்லோரும் கூடுதலாக விற்றால் உச்ச விலையும் கூடுதலாகவே நிற்கும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு ஆரம்ப விலையைக் கம்பெனியே வைக்கலாம், வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு.

இன்னொன்று, பெயர் அதிகம் கேள்விப்படாத பிராண்டு என்பதால் மலிவு என்று நினைக்காதீர்கள். அட்டையில் விலை பெரிய பிராண்டுக்குச் சமமாக இருக்கும், கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைதான் அடியில் கிடக்கும். லாபம் கடைக்கு. அதனால்தான் சில கடைகளில் "இருபது சதவீதம் தள்ளுபடி" என்று தைரியமாகப் பலகை வைக்க முடிகிறது.

மலிவு வேண்டுமானால் ரெண்டு வழி இருக்கிறது. மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள், 2008ல் ஆரம்பித்தது. தமிழக அரசின் முதல்வர் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க 1,000 கடைகளாகத் திறந்தது. அம்மாவின் மெட்பார்மினை டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்படி மாற்றினோம். மாற்றிய பிறகு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சோதித்தோம், ஏறவில்லை. மாதா மாதம் மிச்சமாகும் காசில் அம்மா இப்போது ஒழுங்காகக் கண் பரிசோதனைக்குப் போகிறார். அதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு அவசியம்.

2025 நவம்பர் 7, காலை 6.50

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "இன்றைக்கே எல்லா மாத்திரையும் மாற்றிவிடுகிறேன்" என்கிறார். தயவு செய்து வேண்டாம்.

தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்பு மருந்துகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், இதெல்லாம் அளவில் சின்ன வித்தியாசம் வந்தாலும் உடம்பில் காட்டிவிடும் மருந்துகள். எந்தப் பெயரில் ஆரம்பித்தார்களோ அதிலேயே தொடர்வது நல்லது, மாற்றினால் டாக்டர் சொல்லி, ரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும். என் அக்காவுக்கு வலிப்பு மாத்திரை. டாக்டர் பிராண்டை மாற்ற ஒப்பவே இல்லை. விலை கூடத்தான், வாங்குகிறோம், அதில் எனக்குக் கேள்வி இல்லை.

மெட்பார்மின் 500 வேறு, மெட்பார்மின் 500 எஸ்ஆர் வேறு என்பதையும் கவனியுங்கள். எஸ்ஆர் மெதுவாகக் கரைவது. கடைப் பையன் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்துவிட்டால் பெயர் ஒன்றுபோலவே இருக்கும்.

2025 நவம்பர் 9, மாலை 5.30

பெயர் போட்ட அரிசி மூட்டைக்குக் கூடுதல் விலை தகுமா என்று கேட்ட குடியாத்தம் அக்காவுக்கு.

கடையில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. ஒரு கிலோ கூட்டிவிட்டால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் உடனே 26க்குப் போய்விட்டார்கள். அதனால் 25 கிலோ மூட்டை விலையையும் 26 கிலோ மூட்டை விலையையும் அப்படியே ஒப்பிடாதீர்கள், கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள்.

ஆரணி அரிசி என்று போட்ட பையில் இருப்பதெல்லாம் ஆரணியில் அரைத்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பையில் படமும் பெயரும் அச்சடிப்பது சுலபம். அரிசியில் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது பழசுக்குத்தான். அறுத்து ஒரு வருடம் போனது உதிரியாக வரும், புதுசு குழையும். அதைப் பெயர் சொல்லாது. ஒரு பிடி வாங்கி வந்து வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை எடுங்கள். தெருக்கோடி மண்டிக்காரர் அதற்குச் சம்மதிப்பார், பளபளப்பான சூப்பர் மார்க்கெட்டில் கேட்க முடியாது.

இலவம்பாடி கத்திரிக்காயையும் இதோடு சேர்க்கலாம். அதற்கு வேலூர் முள் கத்திரி என்ற பெயரில் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நேதாஜி மார்க்கெட்டில் காம்பில் ரெண்டு முள் இருக்கும் கத்திரி எல்லாம் இலவம்பாடி ஆகிவிட்டது. பெயர் ஒரு ஊருக்குப் பொதுச் சொத்து என்பதால் எனக்கு இது கம்பெனிப் பெயரை விட வருத்தம் தருகிறது. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயி பாடுபட்டுக் காப்பாற்றிய விதைக்கு வரும் பெயரை எங்கிருந்தோ வந்த காய் தின்றுவிடுகிறது. ஆம்பூர் பிரியாணிக்கும் அதே கதிதான். சென்னை பெங்களூர் ரோட்டில் பலகையை எண்ணிக்கொண்டே போகலாம். சீரக சம்பா இல்லாமல் பாசுமதியில் செய்துவிட்டு ஆம்பூர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

2025 நவம்பர் 12, இரவு 9.15

தங்கத்துக்கும் பெரிய கடைப் பெயரை நம்ப வேண்டுமா என்று ஒரு கேள்வி. அதைப் படித்ததும் இவ்வளவு நாள் எழுதியதெல்லாம் எனக்கே தெளிவானது.

பெரிய நகைக்கடையில் வாங்கினாலும் ஆசாரியிடம் செய்தாலும் 22 காரட் தங்கம் 22 காரட்தான். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் கொண்ட ஒரு அடையாளம் கட்டாயம், எச்யூஐடி என்பார்கள். தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் எந்த மையத்தில் சோதித்தது, எத்தனை சுத்தம் என்று வந்துவிடும். அதனால் தங்கத்தின் தரத்துக்காகப் பெரிய பெயரை நம்ப வேண்டிய அவசியம் போய்விட்டது. மீதி வித்தியாசம் செய்கூலியும் சேதாரமும். அங்கே பேரம் பேசுங்கள். நெருக்கமான வேலைப்பாட்டுக்குச் சேதாரம் கூடுவது நியாயம், மெஷினில் அச்சடித்த சங்கிலிக்கு அதே சதவீதம் கேட்டால் நியாயம் இல்லை.

ஆக நான் பார்க்கிறது இப்படி. கையால் தொட்டு, வடித்து, மடக்கித் தெரிந்துகொள்ளக் கூடிய பொருளில் பெயருக்குக் காசு கொடுக்க மாட்டேன். அரசு விதிப்படி சோதித்து முத்திரை போடுவதிலும் கொடுக்க மாட்டேன். நம்மால் சோதிக்க முடியாது, அரசும் சோதிப்பதில்லை என்கிற இடத்தில், யார் சோதிக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பேன், அதற்கு ஆதாரம் காட்டினால். ஆற்காட்டுத் தம்பியின் "பகல் கொள்ளை"யில் ஒரு பகுதி உண்மை என்று நான் சொன்னது இதனால்தான். சோதனையே இல்லாமல் விளம்பரத்தால் மட்டும் வளர்ந்த பெயர்களும் நிறைய.

2025 நவம்பர் 16, மதியம் 2.10

ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. "அக்கா, பிராண்டுக்காரன் வாங்கும் கூடுதல் விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு வரும்?" என்று வாணியம்பாடி தங்கை கேட்டதை ஒரு வாரமாக ஒத்திப் போட்டேன்.

பேக்கிங் பகுதியில் ஒருநாள் ஆள் குறைவு என்று என்னை அனுப்பினார்கள். ஷூவைத் தாளில் சுற்றி டப்பாவில் வைத்து, விலைச் சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டு யூரோவில் அச்சடித்து அங்கிருந்தே வந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் கைபேசியில் ரூபாய்க்கு மாற்றிக் காட்டினாள். ஒரு ஜோடி, எங்கள் மாதச் சம்பளத்தை விடக் கூடுதல். அன்றைக்கு அந்த லைனில் ஒரு மணிக்கு இத்தனை ஜோடி என்று கரும்பலகையில் எழுதி இருந்தது. எழுதிய எண்ணிக்கை வராவிட்டால் சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தைக் குறைப்பார். டேபிள் ஒர்க்கில் பசை தடவி ஓரம் மடக்கும் பெண்கள் சாயங்காலம் தலைவலியோடுதான் கம்பெனி பஸ் ஏறுவார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் வரை நின்றுகொண்டே போகிறவர்களும் உண்டு.

நான் சொல்வது ஒரு கம்பெனியின் கதை. பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டி, குழந்தைகள் காப்பகம் வைத்திருக்கும் இடங்களும் இங்கே உண்டு. ஆடிட்டுக்கு வெளிநாட்டு ஆள் வருகிறான் என்றால் அன்றைக்கு மாஸ்க் கிடைக்கும், கழிப்பறையில் சோப்பு இருக்கும். அந்த வருகையாவது இருக்கிறதே என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் வராத உள்ளூர் யூனிட்டில் அதுவும் கிடையாது. எனவே பஜார் ஷூ மலிவாக இருப்பதற்கு ஷோரூம் வாடகை இல்லாதது ஒரு காரணம் என்றால், தைப்பவளுக்குக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு காரணம். ரெண்டு பக்கத்திலும் அவள் பங்கு சின்னதுதான். 5,499 கொடுத்தால் அவளுக்குப் போகும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். 1,300 கொடுத்து அவளைக் காப்பாற்றினேன் என்றும் நினைக்க முடியாது.

தோல் கழிவு கலக்கும் பாலாற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு தடவித்தான் வரும். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில். அப்புறம் குரோம், சாயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அன்றைக்கு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. நடுவில் 28 வருடத்துக்கு மேல். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை காய்ந்த நிலத்துக்காரர்கள் அதற்குள் எத்தனையோ பேர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குவது பெரும் செலவு. அந்தச் செலவைச் செய்யும் டேனரியின் தோல் விலை கூடும். ராத்திரியில் ஓடையில் திறந்து விடுபவனின் தோல் மலிவு. கடையில் ரெண்டு தோலையும் மடக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சதுர அடிக்குச் சில ரூபாய் குறைத்து வாங்கியதற்கு ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். பிராண்டுக்காரர்கள் தோல் எங்கிருந்து வந்தது என்று டேனரி பெயரோடு டப்பாவில் போடட்டும், அதற்கு எவ்வளவு கேட்டாலும் நான் கொடுக்கத் தயார்.

2025 நவம்பர் 17, காலை 7.05

லுங்கி பற்றி ஒரு வரி கேட்டவருக்கு: குடியாத்தத்தில் ஒரே தெருவின் தறியில் இறங்கும் கைலி, மடித்து மூலையில் ஒட்டும் ஸ்டிக்கரால் விலை மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டும் முன் பெரிய கடைக்காரர்கள் நூல் எண்ணும் நெருக்கமும் பார்த்துக் குறைந்ததைத் திருப்பிவிடுகிறார்கள். கைலியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் பாருங்கள். இந்த ரெண்டும் தேறினால் ஸ்டிக்கர் இல்லாததையே எடுக்கலாம்.

2025 நவம்பர் 20, இரவு 10.30

ஆற்காட்டுத் தம்பி 2,399க்கு வாங்கிய ஷூவின் படம் பார்த்தேன். மடிப்பு நன்றாக விழுகிறது. நாக்கின் பின்பக்கம் ஸ்ப்ளிட், அதில் தப்பில்லை, அங்கே அதுதான் வைப்போம். அடி டிபிஆர் என்ற ரப்பர் வகை, பியூ மாதிரி உதிராது. கல்யாணத்தில் நனைந்தால் வெயிலில் வைக்காமல் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காய வையுங்கள்.

அப்பாவின் மாத்திரையில் நீங்கள் பெயர் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், மருந்தின் பெயரும் அளவும் எஸ்ஆர் என்று இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். எல்லா மாத்திரைகளையும் ஒரே சீட்டில் எழுதி அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள், "இதில் எதை மாற்றலாம்" என்று அவரிடமே கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் டாக்டர் கோபிக்கவில்லை, பேனாவை எடுத்து நாலில் மூன்றுக்கு உண்மைப் பெயரை எழுதிக் கொடுத்தார்.

பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கும், அட்டையில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள்.